ஆற்றுக்கு இரண்டு பெயர்: ஜாகுவராவ் நகரமும் கௌச்சோ மரபும்

1851 அக்டோபர் 12 அன்று பிரேசில் பேரரசும் உருகுவே குடியரசும் ஓர் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு நாடுகளுக்கும் இடையே ஓடும் ஜாகுவராவ் ஆற்றில் எல்லைக்கோடு நடுநீரில் விழவில்லை. தென்கரையில், உருகுவேயின் காலடியில் விழுந்தது. ஆறு முழுவதும் பிரேசிலுக்கு. ஆறு போய்ச் சேரும் மிரிம் ஏரியில் கப்பல் விடும் உரிமையும் பிரேசிலுக்கே. தென்கரையில் குடியிருந்தவர் கரையிறங்கிக் கால் நனைத்தால் அது அயல்நாட்டுத் தண்ணீர். 58 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1909-இல் பிரேசிலின் வெளியுறவு அமைச்சராக இருந்த ரியோ பிராங்கோ பிரபு, ஈடு எதுவும் கேட்காமல் ஆற்றிலும் ஏரியிலும் உருகுவேக்குப் பங்கு கொடுத்தார். தென்கரை ஊரின் அப்போதைய பெயர் வில்லா அர்த்திகாஸ். உருகுவேயின் விடுதலைத் தலைவர் ஹொசே அர்த்திகாஸின் பெயர். நன்றி தெரிவிக்கும் வகையில் அந்த ஊர் தன் பெயரை ரியோ பிராங்கோ என்று மாற்றிக்கொண்டது. சொந்த நாட்டு வீரரின் பெயரை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்து நாட்டு அமைச்சரின் பெயரைச் சூடிக்கொண்ட ஊர்கள் உலகில் அதிகம் இருக்காது.

போர்த்துகீசிய மொழியில் ஜாகுவராவ், ஸ்பானிய மொழியில் யாகுவரோன் என்று ஆற்றுக்கு இரண்டு பெயர்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது பழங்குடிச் சொல்லான ஜாகுவார். ஆற்றின் பெயரையே கொண்ட பிரேசில் நகரம் வடகரையில் இருக்கிறது. புல்வெளியில் மாடு ஓட்டிய குதிரைவீரர்களான கௌச்சோக்களின் மரபைக் காணக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் இறைச்சி விருந்துகளுக்கும் நாட்டிய மேடைகளுக்கும் போகிறார்கள். இந்தச் சந்தடியில்லாத ஆற்றங்கரை ஊரில் கிடைக்கும் பாடம் வேறு. கௌச்சோ எல்லைக்கோட்டுக்கு முந்தையவன். கோடும் கம்பி வேலியும் வந்து அவனுடைய வாழ்க்கையை முடித்துவைத்த பிறகே அவன் ஒரு மாநிலத்தின் சின்னமானான். அந்தச் சின்னம் யாரையெல்லாம் நினைவில் வைத்தது, யாரையெல்லாம் விட்டுவிட்டது என்பதை இந்த ஆற்றின் கரையிலிருந்து பார்த்தால் துலக்கமாகத் தெரிகிறது.

சாலை முடியும் இடம்

பிரேசிலின் வடகிழக்கில் ஃபோர்ட்டலேசாவில் தொடங்கும் பி.ஆர்.-116 நெடுஞ்சாலை ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் கடந்துவந்து ஜாகுவராவில் முடிகிறது. ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் தலைநகர் போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து தெற்கே வருபவருக்கு, பெலோட்டாஸ் நகரைத் தாண்டிய கடைசி 140 கிலோமீட்டரில் காட்சி மாறுகிறது. காடும் கடற்கரையும் கொண்ட பிரேசிலை மறந்துவிட வேண்டியதுதான். மெல்லிய அலைபோல் ஏறி இறங்கும் புல்வெளி, எங்கோ ஒரு மரக்கூட்டம், மீதமெல்லாம் வானம். மேட்டில் மாடுகள், தாழ்நிலத்தில் நீர் கட்டிய நெல்வயல்கள். பிரேசிலில் விளையும் அரிசியில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த ஒரு மாநிலத்திலிருந்து வருகிறது. மிரிம் ஏரியை ஒட்டிய சமவெளிக்கு அதில் நல்ல பங்கு உண்டு. வேலியோரத்தில் நின்று கத்தும் பறவை தமிழருக்குப் புதியதல்ல. நம் ஆள்காட்டிக் குருவியின் நெருங்கிய உறவு அது. ஆள் தலை தெரிந்தால் ஊரைக் கூட்டும் குணமும் அப்படியே. அதன் கத்தலையே பெயராக்கி 'கேரு-கேரு' என்கிறார்கள். போர்த்துகீசிய மொழியில் 'வேண்டும், வேண்டும்' என்றும் அதற்குப் பொருள் வரும். மாநிலத்தின் சின்னப் பறவையும் அதுதான்.

ஜாகுவராவின் மக்கள்தொகை 27 ஆயிரத்தை ஒட்டியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியப் படையின் எல்லைக் காவல் முகாமாகத் தொடங்கிய குடியிருப்பு, 1832-இல் பேரூர் என்ற நிலையையும் 1855-இல் நகரம் என்ற நிலையையும் அடைந்தது. மாட்டிலும் எல்லை வணிகத்திலும் வந்த பணம் வீடுகளாக நின்றது. தெருவோடு ஒட்டிக் கட்டிய, கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவர் எழுப்பிய வீடுகள். அவற்றின் பெருமை கதவுகளில் இருக்கிறது. ஆளுயரத்துக்கு இருமடங்கு எழும் இரட்டைக் கதவுகள், கொடியும் பூவும் முகமும் செதுக்கிய மரவேலை. ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்றால் இங்கே கதவு கதவாக நின்று பார்ப்பதுதான். 20ஆம் நூற்றாண்டில் தொழிலும் பணமும் வேறு நகரங்களுக்குப் போய்விட்டன. இடித்துக் கட்டும் வசதி இல்லாததால் பழைய வீடுகள் பிழைத்தன. 2011-இல் பிரேசிலின் தேசிய மரபுக் காப்பு நிறுவனம் நகரின் பழைய பகுதியைப் பாதுகாக்கப்பட்ட தொகுதியாக அறிவித்தது.

மாடு முதலில் வந்தது

கௌச்சோவின் வரலாறு மனிதனிடமிருந்து தொடங்கவில்லை, மாட்டிடமிருந்து தொடங்குகிறது. இயேசு சபைத் துறவிகள் குவாரனி மக்களுக்காக அமைத்த குடியிருப்புகளுக்கு 1634-இல் மாடுகளைக் கொண்டுவந்தனர். சாவோ பாவுலோவிலிருந்து வந்த அடிமை வேட்டைக் கூட்டங்களின் தாக்குதலில் அந்தக் குடியிருப்புகள் கலைந்தன. மாடுகள் அவிழ்ந்து தெற்கே போயின. புல்லும் நீரும் இருந்தன, வேலி கிடையாது. சில பத்தாண்டுகளில் மிரிம் ஏரியைச் சுற்றிய வெளிகளில் யாருக்கும் சொந்தமில்லாத காட்டு மாடுகள் பெருந்திரளாயின. 1680-இல் போர்த்துகீசியர் புவெனோஸ் அயர்ஸுக்கு எதிர்க்கரையில் சாக்ரமெந்தோ குடியேற்றத்தை நிறுவியதும் அந்த மாட்டின் தோலுக்கு விலை கிடைத்தது. மாட்டை வீழ்த்தித் தோலை உரித்து எடுத்துப் போனார்கள். இறைச்சி பெரும்பாலும் வெளியிலேயே அழுகியது.

அந்தத் தோலுக்காகக் குதிரையேறியவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். சரூவா, மினுவானோ பழங்குடியினர். குடியிருப்புகளை விட்டு வந்த குவாரனிகள். படையை விட்டு ஓடிய ஸ்பானியரும் போர்த்துகீசியரும். எசமானரிடமிருந்து தப்பிய ஆப்பிரிக்கர். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள். மூன்று கல் உருண்டைகளைத் தோல்வாரில் கட்டி மாட்டின் கால்களில் வீசிச் சுற்றும் கருவி பழங்குடியினருடையது. வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் மாட்டே இலை குவாரனிகளுடையது. குதிரையும் இரும்புக் கத்தியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கௌச்சோ என்ற சொல்லின் வேர் பற்றி அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அது வசைச்சொல் என்பதில் ஐயமில்லை. திருடன், நாடோடி, எவனுக்கும் அடங்காதவன் என்பன அதன் பொருள்கள். ஸ்பானியர் முதலசையை அழுத்திக் 'கௌச்சோ' என்பார்கள். போர்த்துகீசியர் ஒலியைப் பிரித்து நடுவில் அழுத்திக் 'கவூஷு' என்பார்கள். ஆற்றைக் கடந்தால் அந்தச் சொல்லின் அழுத்தமும் இடம் மாறும்.

ஸ்பெயினும் போர்த்துகலும் 1750-இலும் 1777-இலும் இந்த வெளியின்மீது கோடு கிழித்தன. ஒவ்வொரு போருக்குப் பின்னும் கோடு நகர்ந்தது. 1828-இல் உருகுவே தனிநாடானது. மூன்றே ஆண்டுகளில், 1831 ஏப்ரலில், அந்த இளம் குடியரசின் படை சல்சிபுவேதெஸ் ஓடைக்கரையில் சரூவா மக்களைக் கொன்று குவித்தது. மினுவானோ மக்களும் தனிக்குழுவாக எஞ்சவில்லை. இன்று குளிர்காலத்தில் தென்மேற்கிலிருந்து எலும்பைத் துளைத்துவரும் காற்றுக்கு மினுவானோ என்று பெயர். ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர் காற்றில் மட்டும் மிஞ்சிவிட்டது.

கோடு யாருக்குத் தடை, யாருக்குக் கதவு

எல்லையோர நிலவுடைமையாளர்களுக்கு இந்தக் கோடு ஒரு தொல்லை, அவ்வளவுதான். பண்ணை ஒரு கரையில், மேய்ச்சல் மறுகரையில், உறவு இரு கரையிலும். பிற்காலத்தில் ரியோ கிராண்டேயின் பெருங்கலகத்துக்குத் தலைமையேற்ற பெந்தோ கொன்சால்வெஸ், ஜாகுவராவ் எல்லைப் படையின் தளபதியாக இருந்தவர். அவர் மணந்த கயெத்தானா கார்சியா எல்லைக்கு அப்பாலுள்ள செரோ லார்கோ பகுதியைச் சேர்ந்தவர். உருகுவேயின் கலகத் தலைவர் லாவல்யேஹாவுக்கு அவர் மறைவாகத் துணைபோகிறார் என்று பேரரசு அதிகாரிகள் குற்றஞ்சாட்டினர். எல்லையைக் காக்க நிறுத்தப்பட்டவரின் வாழ்க்கையே எல்லையின் இருபுறமும் விரிந்துகிடந்தது.

அடிமைகளுக்கோ அதே கோடு உயிரின் விலை. மாண்டிவிடியோ அரசு 1842-இல் அடிமைமுறையை ஒழித்தது. அப்போது உள்நாட்டுப் போரில் நாட்டின் மறுபகுதியை ஆண்ட தரப்பும் 1846-இல் அதைச் செய்தது. பிரேசிலில் அடிமைமுறை 1888 வரை நீடித்தது. ஆக நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜாகுவராவ் ஆறு அடிமைநிலத்துக்கும் விடுதலை நிலத்துக்கும் நடுவில் ஓடியது. இரவில் நீந்தியோ குதிரையிலோ கடந்தவர்கள் மறுகரையில் சுதந்திர மனிதர்கள். 1851-இல் எல்லையோடு சேர்த்துக் கையெழுத்தான உடன்படிக்கைகளில் ஒன்று, தப்பிவந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று உருகுவேக்கு விதித்தது. ஆறு முழுவதையும் பிரேசிலுக்கு எழுதிக்கொடுத்த அதே நாளில் அந்தக் கதவையும் மூடப் பார்த்தார்கள்.

கடத்தல் எதிர்த்திசையிலும் நடந்தது. உருகுவேயின் கறுப்பினக் குழந்தைகளைக் களவாடி வடகரைக்குக் கொண்டுவந்து அடிமைகளாக விற்ற வழக்குகள் ஆவணங்களில் உள்ளன. வட உருகுவேயில் நிலம் வைத்திருந்த பிரேசில் பண்ணையார்கள், அடிமைகளிடம் நீண்டகால 'வேலை ஒப்பந்தம்' எழுதி வாங்கிப் பழைய முறையைப் புதிய தாளில் தொடர்ந்தார்கள். 1865 ஜனவரி 27 அன்று உருகுவேயின் பிளாங்கோ கட்சிப் படை ஆற்றைத் தாண்டி வந்து ஜாகுவராவைத் தாக்கியது. நகரம் தாக்குப்பிடித்தது, 'வீர நகர்' என்ற பட்டம் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எல்லையைத் தாண்டி இவ்வளவு நெருங்கி வாழ்ந்தவர்களுக்கிடையே அமைதியே நிலவியது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உப்புக்கண்டமும் ஒரு போரும்

அழுகவிட்ட இறைச்சிக்கு உப்பு மதிப்பைக் கொடுத்தது. ஷார்க்கி என்று அவர்கள் அழைப்பது நம் உப்புக்கண்டத்தைத்தான். வடகிழக்கில் சேயராவின் கடும் வறட்சியால் அங்கிருந்த தொழில் நொடிக்க, ஜோசே பிந்தோ மார்ட்டின்ஸ் என்ற போர்த்துகீசியர் 1780-இல் பெலோட்டாஸ் ஓடைக்கரையில் உப்புக்கண்டத் தொழிற்சாலை தொடங்கினார். விரைவில் ஓடையின் இரு கரைகளிலும் அத்தகைய கூடங்கள் வரிசைகட்டின. மாட்டை வெட்டுவது, இறைச்சியைப் பரத்தி அரிவது, உப்பிட்டு அடுக்குவது, கொடியில் காயவைப்பது என்று எல்லா வேலையும் அடிமைகளுடையது. கரும்பு, காப்பித் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு உணவாகவே அந்த இறைச்சி கப்பலேறியது. அடிமைகள் உப்பிட்டு அடிமைகள் தின்ற உணவில்தான் பெலோட்டாஸின் மாளிகைகள் எழுந்தன. ஜாகுவராவின் புல்வெளிகளிலிருந்து மாடுகள் அங்கேதான் ஓட்டிச் செல்லப்பட்டன.

ரியோ டி ஜனேரோவின் பேரரசு உள்ளூர் உப்புக்கண்டத்தின்மீது வரியை ஏற்றியது; அர்ஜென்டினா, உருகுவேயின் மலிவான கண்டத்தைத் தடையின்றி உள்ளே விட்டது. இந்த மனக்குறை, அரசியல் பிணக்குகளோடு சேர்ந்து 1835 செப்டம்பர் 20 அன்று ஃபரோபீலியா கலகமாக வெடித்தது. 1836 செப்டம்பரில் தனிக் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1845 மார்ச்சில் போஞ்சே வெர்டே சமாதானத்தோடு போர் முடிந்தது. பத்தாண்டு பேரரசை எதிர்த்து நின்றதும், இறுதியில் தோற்றும் மரியாதையோடு சமாதானம் பெற்றதும் இன்றைய கௌச்சோ பெருமிதத்தின் அடித்தளம்.

அந்த அடித்தளத்தில் ஒரு விரிசல் உண்டு. விடுதலை தருவதாக வாக்களித்துக் கலகப் படை அடிமைகளைச் சேர்த்துக்கொண்டது. 'கறுப்பு ஈட்டியாளர்' என்ற அந்தக் குதிரைப்படை அதன் மிகச் சிறந்த பிரிவுகளில் ஒன்று. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்களை என்ன செய்வது என்பது இரு தரப்புக்கும் சிக்கலாக நின்றது. 1844 நவம்பர் 14 விடியலில் போரொங்கோஸ் என்ற இடத்தில், ஆயுதம் களையப்பட்ட நிலையில் இருந்த கறுப்பு வீரர்களைப் பேரரசுப் படை தாக்கிக் கொன்றது. முகாமின் தளபதி டேவிட் கனபாரோ தெரிந்தே இதற்கு வழிவிட்டாரா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை.

கம்பி வந்தது, மனிதன் இறங்கினான்

1870-களிலிருந்து கம்பி வேலி பண்ணைகளைச் சுற்றி வளைத்தது. அதுவரை பெரும் மாட்டுக்கூட்டத்தைக் காக்கப் பல குதிரைவீரர்கள் வேண்டியிருந்தது. வேலி போட்டபின் ஓரிருவர் போதும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லைப்பகுதிக்குச் சிகாகோவின் குளிரூட்டிய இறைச்சி ஆலைகள் வந்தபோது உப்புக்கண்டத் தொழிலும் சாய்ந்தது. வேலையிழந்தவன் நகரத்தின் ஓரத்துக் குடிசைக்கு நடந்து போனான். குவராயி என்ற எல்லையூரில் பிறந்த மருத்துவரும் எழுத்தாளருமான சிரோ மார்ட்டின்ஸ் 1937, 1944, 1954 ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று நாவல்கள் 'நடைக் கௌச்சோ' முத்தொகை என்று அறியப்படுகின்றன. குதிரையில்லாத கௌச்சோ என்ற முரணே அவருடைய பாத்திரம்.

இலக்கியத்தில் இன்னொரு வழியும் போடப்பட்டிருந்தது. தெற்கைப் பார்த்தறியாத சேயராக்காரரான ஜோசே டி அலென்கார் 1870-இல் 'கௌச்சோ' என்ற பெயரிலேயே வீரக் காதல் நாவல் எழுதினார். அர்ஜென்டினாவில் ஹொசே எர்னான்டஸின் 'மார்ட்டின் ஃபியேரோ' 1872-இல் வெளிவந்தது. பெலோட்டாஸின் சிமோயின்ஸ் லோப்பெஸ் நேட்டோ 1912-இல் ஒரு கிழக் கௌச்சோவின் வாய்மொழியாகவே கதைகளை எழுதி, அந்தப் பேச்சுமொழியை இலக்கியமாக்கினார். உயிரோடு இருந்தபோது திருடன் என்று ஏசப்பட்டவன், மறையத் தொடங்கியதும் நாயகனானான்.

எட்டு இளைஞர்களும் ஒரு சவப்பெட்டியும்

இன்று நாம் காணும் கௌச்சோ மரபு நகரத்துப் பள்ளியொன்றில் பிறந்தது. 1937 நவம்பரில் சர்வாதிகாரி ஜெத்துலியோ வார்காஸ் மாநிலக் கொடிகளைப் பொதுவிழாவில் எரிக்கச் செய்தார். தேசக்கொடி ஒன்றே போதும் என்பது கொள்கை. அவரே சாவோ போர்ஜா என்ற எல்லையோர ஆற்றங்கரை ஊரில் பிறந்த கௌச்சோ. இரண்டாம் உலகப் போர் முடிந்து, அவருடைய ஆட்சியும் முடிந்தபின் வந்த தலைமுறை அமெரிக்கத் திரைப்படங்களிலும் இசையிலும் மூழ்கியிருந்தது. 1947 செப்டம்பரில் போர்ட்டோ அலெக்ரேயின் ஜூலியோ டி காஸ்டிலியோஸ் பள்ளி மாணவர் பைஷாவ் கோர்ட்டெஸும் தோழர்களுமாக எட்டுப் பேர், நாட்டுப்புற உடையில் குதிரையேறி ஒரு சவப்பெட்டிக்குக் காவலாக நகரில் ஊர்வலம் வந்தார்கள். தேசியத் திருநாள் தீபத்திலிருந்து ஒரு சுடரை எடுத்துச் செப்டம்பர் 20 வரை அணையாமல் காத்தார்கள். மறுஆண்டு ஏப்ரல் 24 அன்று, 1835-இன் நினைவாக '35' என்று பெயரிட்டு முதல் கௌச்சோ மரபு மையம் அமைந்தது. பின்னர் அத்தகைய மையங்கள் பிரேசில் எங்கும், கௌச்சோக்கள் குடியேறிய வெளிநாடுகளிலும் பெருகின. செப்டம்பர் 20 மாநில விடுமுறை நாள். அந்த வாரம் ஜாகுவராவிலும் குதிரை ஊர்வலம், சுட்ட இறைச்சி, நாட்டியம் என்று ஊர் நிறையும்.

அந்தச் சவப்பெட்டியில் இருந்தது டேவிட் கனபாரோவின் எச்சம். போரொங்கோஸ் விடியலின் அதே தளபதி. இளைஞர்களுக்கு அவர் 1835-இன் மாவீரர்களில் ஒருவர். கறுப்பு ஈட்டியாளரின் கதை அன்று பள்ளிப் பாடத்தில் இடம்பெறவில்லை. ஒரு மரபு தன் முதல் சடங்கிலேயே எதை மறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உடையிலும் இதே கதை. ஊர்வலத்தினர் அணியும் தொளதொளப்பான, கணுக்காலில் சுருக்கிய பொம்பாஷா கால்சட்டை பராகுவே போருக்குப் பின், 1870-களில்தான் பரவலானது. 1835-இல் போரிட்டவர்கள் இடுப்பைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். ஆனாலும் 1989-இல் மாநிலச் சட்டமே மரபுடையை விழாக்களுக்கு உரிய மதிப்புடையாக ஏற்றது. மானிடவியலாளர் ரூபென் ஒலிவென் இந்த இயக்கத்தை ஆராய்ந்து, பழமை என்று நாம் எண்ணுவதில் எவ்வளவு புதிதாகக் கட்டப்பட்டது என்று காட்டியிருக்கிறார். இதைப் பொய் என்று ஒதுக்குவது எளிது. ஜெர்மானிய, இத்தாலியக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகளும் இன்று தங்களைக் கௌச்சோ என்றே சொல்கிறார்கள். ஒரு மாநிலம் முழுவதற்கும் அது பெயர். கட்டப்பட்ட வீட்டிலும் மனிதர்கள் மெய்யாகவே குடியிருக்கிறார்கள். கேள்வி, அந்த வீட்டுக்குள் யாருக்கு இடம் கிடைத்தது என்பது.

ஜாகுவராவில் அதற்கொரு பதில் நிற்கிறது. நகரின் சங்கங்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாத காலத்தில், 1918-இல், அவர்கள் தங்களுக்கென்று '24 ஆகஸ்ட் சங்கம்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். நூறாண்டைக் கடந்த அந்தச் சங்கத்தைப் பின்னர் மாநில அரசு மரபுச் சொத்தாக அறிவித்தது. செதுக்கிய கதவுகளைப் பார்க்க வருகிறவர்கள் பயணத்திட்டத்தில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைமாறும் குயா

மேடையைவிட்டு இறங்கினால், மரபு மெய்யாக உயிரோடிருப்பது மாட்டே குடிப்பதில். குயா என்ற சுரைக்குடுவையில் மாட்டே இலைத்தூளை ஒருபுறமாகச் சாய்த்து நிரப்பி, பொம்பா என்ற உலோக உறிஞ்சுகுழலைச் செருகி, கொதிக்கும் முன் இறக்கிய வெந்நீரை ஊற்றுகிறார்கள். கசப்புத்தான் சுவை, சர்க்கரை கிடையாது. தயாரித்தவர் முதல் குடுவையைத் தாமே குடிப்பார். முதல் நீரின் கடுப்பு அவருக்கு. பிறகு மீண்டும் நிரப்பி அடுத்தவருக்கு. குழல் கரகரவென்று ஒலிக்கும்வரை உறிஞ்சி முடித்தே திருப்பித் தர வேண்டும். பாதியில் வைப்பது மரியாதையில்லை. குழலை ஆட்டக் கூடாது. 'நன்றி' என்றால் 'எனக்குப் போதும்' என்று பொருள். இது தெரியாத விருந்தாளி முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிட்டு அடுத்த சுற்று ஏன் தன்னைத் தாண்டிப் போகிறது என்று விழிப்பார்.

வடகரையில் இதற்கு ஷிமராவ் என்று பெயர். தூள் பச்சைப்பசேலென்று மாவுபோல் இருக்கும். தென்கரையில் வெறும் மாட்டே. தூள் கொஞ்சம் முதிர்ந்து நிறம் மங்கியது. உருகுவேக்காரர் வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குயாவை அதே கையில் ஏந்தியபடி தெருவில் நடப்பார். உலகிலேயே ஆளுக்கு மிக அதிகமாக மாட்டே குடிக்கும் நாடுகளில் ஒன்றான உருகுவே அந்த இலையைப் பயிரிடுவதில்லை. பெரும்பகுதியைப் பிரேசிலிலிருந்தே வாங்குகிறது. பேச்சும் அப்படியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகிறது. ஒரு வாக்கியம் போர்த்துகீசியத்தில் தொடங்கி ஸ்பானியத்தில் முடிந்தால் இங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பெலோட்டாஸின் பாடகர் வித்தோர் ராமில், 'குளிரின் அழகியல்' என்ற தம் கட்டுரையில், வெப்பமண்டலப் பிரேசிலின் ஓரமாகத் தெற்கைப் பார்க்காமல், உருகுவேயோடும் அர்ஜென்டினாவோடும் பகிரும் இன்னொரு வரலாற்றின் நடுவாகப் பார்க்கலாம் என்று வாதிட்டார். ஆற்றங்கரையில் ஒரு மாலை உட்கார்ந்தவருக்கு அந்த வாதம் விளங்கும்.

கடனில் எழுந்த பாலம்

இரு கரைகளையும் இணைக்கும் மவா பிரபு பன்னாட்டுப் பாலத்தை 1927-இல் தொடங்கி 1930-இல் முடித்தார்கள். பிரேசிலையும் உருகுவேயையும் இணைத்த முதல் பெரும்பாலம் அது. இரு முனைகளிலும் கோட்டைவாயில் போன்ற காவல் கோபுரங்கள்; வளைவு வளைவாக நீரின்மீது நடந்துபோகும் கான்கிரீட் கால்கள். ரயிலுக்கும் சேர்த்துக் கட்டினார்கள். இன்று ரயில் இல்லை.

பாலத்தின் பணம் பழைய கடன். 1843 முதல் 1851 வரை மாண்டிவிடியோ முற்றுகைக்குள்ளானபோது நகரைக் காத்த அரசுக்குப் பிரேசிலிலிருந்து பணம் போனது. அதைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இரினேயு எவாஞ்செலிஸ்டா டி சோசா. 1813-இல், அப்போது ஜாகுவராவைச் சேர்ந்திருந்த அரோயோ கிராண்டேயில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். பிற்பாடு பிரேசிலின் முதல் ரயில்பாதையை 1854-இல் திறந்து மவா பிரபு ஆனவர். மாண்டிவிடியோவில் வங்கி நடத்தி, இறுதியில் நொடித்துப் போனவர். உருகுவே அரசு பிரேசிலுக்குத் திருப்ப வேண்டிய போர்க்காலக் கடன் தலைமுறைகள் தாண்டியும் நின்றது. 1918-இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: அந்தப் பணத்தை ரியோவுக்கு அனுப்ப வேண்டாம், எல்லையில் ஒரு பாலமாகக் கட்டிவிடுவோம். முற்றுகைக்குச் செலவழித்த பணம் எண்பது ஆண்டுகளுக்குப் பின் போக்குவரத்தாக மாறியது. தென்னமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான மெர்கோசுர், தன் பொதுப் பண்பாட்டு மரபுச் சொத்தாக முதன்முதலில் ஏற்றது இந்தப் பாலத்தைத்தான்.

2002-இல் செய்த ஓர் ஒப்பந்தத்தின்படி இரட்டை ஊர்க்காரர்கள் மறுகரையில் குடியிருக்கவும் படிக்கவும் வேலை செய்யவும் உரிமை பெற்றார்கள். தென்கரையின் வரியில்லாக் கடைகளுக்கு வடக்கிலிருந்து கார்கள் வரிசைகட்டுகின்றன. பணமாற்று விலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கூட்டம். ஆனால் பழைய கௌச்சோவுக்கு வாழ்நிலமாக இருந்த புல்வெளியின் நிலைதான் கவலைக்குரியது. பாம்பா என்ற இந்தப் புல்வெளியைத் தனி உயிரியல் மண்டலமாகப் பிரேசில் ஏற்றது 2004-இல்தான். அன்றைய வரைபடப்படி அது ஏறத்தாழ 1,76,000 சதுர கிலோமீட்டர், மாநிலத்தின் 63 விழுக்காடு. சோயாவும் யூக்கலிப்டசும் அதை ஆண்டுதோறும் விழுங்குகின்றன. காட்டை வெட்டினால் உலகம் பதறுகிறது. புல்லை உழுதால் அது வேளாண்மை என்று பெயர் பெறுகிறது. கௌச்சோவின் உடைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்த அளவுக்கு அவன் நின்ற புல்லுக்குக் கிடைக்கவில்லை.

மஞ்சள் சட்டைக்காரர்

1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் உலகக் கோப்பையை உருகுவேயிடம் 2-1 என்று பிரேசில் இழந்தது. அன்று அணிந்த வெள்ளைச் சட்டை ராசியில்லாததாகிவிட்டது. 1953-இல் 'கொர்ரேயோ டா மன்யா' நாளிதழ் புதிய சட்டைக்குப் போட்டி வைத்தது. தேசக்கொடியின் நான்கு நிறங்களும் இடம்பெற வேண்டும் என்பது விதி. ஜாகுவராவில் 1934-இல் பிறந்து, பெலோட்டாஸில் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த 19 வயது அல்திர் கார்சியா ஷ்லேயின் வரைபடம் வென்றது. மஞ்சள் சட்டை, பச்சை விளிம்பு, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. உலகம் பிரேசில் என்றதும் நினைக்கும் உருவம் இந்த எல்லையூர்க்காரரின் கையிலிருந்து வந்தது.

ஷ்லே வாழ்நாளெல்லாம் ஆதரித்த அணி உருகுவே. இதை அவர் மறைக்கவும் இல்லை, விளையாட்டாகச் சொல்லவும் இல்லை. பின்னாளில் எழுத்தாளராகி ஜாகுவராவின் இரு கரைகளையும் இரு மொழிகளிலும் எழுதினார். 1984-இல் வந்த தொகுப்பின் பெயர் 'ஒரே நிலம்'. 1988-இல் வந்ததன் பெயர் 'பிரிக்கும் கோடு'. இரண்டு தலைப்புகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். ஆற்றங்கரையில் இரண்டும் ஒருசேர உண்மை. பண்ணையாருக்கு ஒரே நிலம். இரவில் நீந்திய அடிமைக்குக் கோடு இருந்ததால்தான் வாழ்வு. கோட்டை அழித்துவிட்ட ஒரு கௌச்சோ மரபைக் கற்பனை செய்தால் அந்த நீச்சல்காரன் காணாமல் போய்விடுவான். கோட்டை மட்டும் பார்த்தால் மாட்டே வட்டம் காணாமல் போய்விடும்.

ஷ்லே 2018 நவம்பர் 15 அன்று இறந்தார். மறுநாள் லண்டனில் பிரேசிலும் உருகுவேயும் நட்பாட்டம் ஆடின. அவர் வரைந்த சட்டை, அவர் நேசித்த அணியை 1-0 என்று வென்றது. ஜாகுவராவில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள், யாருக்குக் கைதட்டுவது என்று ஒரு கணம் தயங்கியிருந்தால் அதில் வியப்பில்லை.